காய்ச்சல் என்று ஒரு கட்டம்

என் ஆயா, அதாவது நைனாவைப் பெற்றவள், கணக்கு என்று வந்தால் விரல் கணுக்களைத்தான் தொடுவாள். கட்டைவிரல் நுனி ஒவ்வொரு கணுவாக இறங்கிக்கொண்டே போகும். "பதினொண்ணு பெத்தேன் கண்ணு. அஞ்சு தங்கிச்சு." பால் கணக்கு சொல்கிற அதே குரலில் சொல்வாள்.

போனவை எப்படிப் போயின என்பதும் அவளுக்குப் பாடம். "ரெண்டாவது, விஷ ஜுரம் வந்த வருஷம். மூணு மாசப் புள்ள. நாலாவது, ஏழாம் நாள் ஜன்னி. அஞ்சாவதுக்கு ஆத்தா வந்தா, கூடவே கூட்டிக்கிட்டுப் போயிட்டா. ஏழாவது மாந்தம், பேதி. ஒம்பதாவது கார்த்திகை மாசம் சளி இழுப்பு." இதோடு ஐந்து ஆயிற்று. ஆறாவதுக்கு வரும்போது விரல் நின்றுவிடும். "பெரியவ கதைதான் உனக்குத் தெரியுமே" என்று முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவாள்.

பெரியவள் என்றது என் பெரிய அத்தையை. 1936-இல், பத்தொன்பதாவது வயதில், முதல் பிள்ளையைப் பெற்ற பத்தாம் நாள் போனவள். அவளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் மற்றவர்கள்.

நான் சுகாதாரப் புள்ளிவிவரத்தில் முப்பத்தைந்து வருஷம் பேனா பிடித்தவன் என்பது இங்கே தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். பழைய பதிவேடுகளும் வருடாந்திர அறிக்கைகளும் என் மேஜைக்கு வந்துபோகும். மற்றவர்கள் மத்தியான வேளையில் குமுதம் படிப்பார்கள். நான் 1920களின் சாவுக் கணக்கைப் படித்துக்கொண்டிருப்பேன். "உனக்கு வேற வேலையே இல்லையா" என்று சக ஊழியர்கள் கேட்டிருக்கிறார்கள். எனக்கென்னவோ, ஆயாவின் விரல் கணுக்களுக்கும் அந்த அறிக்கையின் கட்டங்களுக்கும் நடுவில் ஏதோ ஒரு கயிறு இருக்கிறது என்றே தோன்றும்.

அந்தக் காலத்தில் மெட்ராஸ் ஒரு தனி ஜில்லா. மாகாணத்திலேயே முழுக்க முழுக்க நகரமாக இருந்த ஜில்லா இது ஒன்றுதான். 1911 மக்கள்தொகைக் கணக்கில் 5,18,660 பேர். 1921-இல் 5,26,911. பத்து வருஷத்தில் கூடியது எட்டாயிரத்துச் சொச்சம்தான். நாலா ஊரிலிருந்தும் பிழைக்க வந்து குவிந்த பட்டணத்தில் இவ்வளவுதான் கூடியது என்றால் நடுவில் என்ன நடந்திருக்க வேண்டும்? ஆயாவின் இரண்டாவது பிள்ளை போன 'விஷ ஜுரம்' நடந்தது. 1918-இன் இன்ஃப்ளூயன்சா.

அது ஜூன் மாதம் பம்பாயில் இறங்கியது. முதல் அலை லேசு. செப்டம்பரில் எழுந்த இரண்டாவது அலைதான் நாட்டையே வாரிக்கொண்டு போனது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் செத்தார்கள் என்பதில் சந்தேகம் இல்லை. ஒன்றரைக் கோடிக்கு மேல் என்பவர்களும் உண்டு. ஆனால் அந்த வருஷத்து அறிக்கையைப் புரட்டி இன்ஃப்ளூயன்சாவைத் தேடினால் கிடைக்காது. அதற்குக் கட்டமே இல்லை. பெரும்பாலும் 'காய்ச்சல்' என்ற கட்டத்தில்தான் போய் விழுந்திருக்கிறது.

இந்தக் கட்டங்களைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் சாவுக்குக் காரணம் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய கட்டங்களே இருந்தன. காலரா, பெரியம்மை, பிளேக், காய்ச்சல், வயிற்றுக்கடுப்பும் பேதியும், மூச்சு உறுப்பு நோய்கள், காயங்கள் (தற்கொலை, பாம்புக்கடி, வெறிநாய் எல்லாம் இதற்குள்), கடைசியில் 'பிற எல்லாம்'. மனிதன் எப்படிச் செத்தாலும் இதில் ஒன்றுக்குள் அடங்கியாக வேண்டும்.

யார் அடக்குவது? ஆஸ்பத்திரியில் இறந்தால் டாக்டர் சொல்வார். ஆனால் பெரும்பாலோர் வீட்டில்தான் இறந்தார்கள். வீட்டில் இறந்தவருக்கு, துக்கத்தில் இருக்கும் சொந்தக்காரர் என்ன சொல்கிறாரோ அதுதான் காரணம். "என்னப்பா உடம்புக்கு?" "நாலு நாளா ஜுரம் சார்." எழுதிக்கொள்வார். மலேரியாவா, டைஃபாய்டா, நிமோனியாவா, சீழ் பிடித்த புண்ணா? செத்தவன் உடம்பு சுட்டதா என்றால் சுட்டது. இந்தியா முழுமைக்கும் எடுத்தால் பதிவான சாவுகளில் பாதிக்கு மேல் 'காய்ச்சல்' கட்டத்தில்தான் கிடக்கின்றன. நம் பட்டணத்தில் அவ்வளவு இல்லை. இங்கே மூச்சு நோய், பேதி, 'பிற எல்லாம்' ஆகிய மூன்றும் அதோடு போட்டிபோட்டன.

பெயர் தவறினால் என்ன, போன உயிர் போனதுதானே என்று கேட்கலாம். நானும் இளவயதில் அப்படித்தான் நினைத்தேன். அப்படி இல்லை என்பதற்கு நம் பேட்டைக்காரர் ஒருவரையே சாட்சிக்கு அழைக்கிறேன்.

சைவ முத்தையா முதலி தெருவில் குடியிருந்து, 1912-இல் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர் கணித மேதை ராமானுஜன். இங்கிலாந்து போனார், நோயில் விழுந்தார், க்ஷயரோகம் என்றார்கள். 1919-இல் திரும்பிவந்தார். 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. க்ஷயம் என்றுதான் நாமெல்லாம் படித்தோம். எழுபத்து நான்கு வருஷம் கழித்து, 1994-இல், டி.ஏ.பி. யங் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் கிடைத்த குறிப்புகளை எல்லாம் ஆராய்ந்து, அது க்ஷயமே அல்ல, குடலில் இருந்த அமீபா கல்லீரலுக்குப் போய்ச் சீழ் கட்டிய நோயாக இருக்க வேண்டும் என்று எழுதினார். ராமானுஜனுக்கு முன்பே கடுமையான வயிற்றுக்கடுப்பு வந்திருக்கிறது. யங் சொன்னதுதான் சரி என்றால் வயிறு எரிகிறது. ஏனென்றால் க்ஷயத்துக்கு அன்றைக்கு மருந்து இல்லை. ஆனால் அமீபாவுக்கு இருந்தது. கல்கத்தாவில் லெனார்ட் ராஜர்ஸ் 1912-இலேயே எமெட்டின் ஊசி போட்டுக் குணப்படுத்திக் காட்டிவிட்டார். பெயர் சரியாக இருந்திருந்தால் மருந்தும் சரியாக இருந்திருக்கும்.

இன்னொருவர் பாரதியார். அவரைத் திருவல்லிக்கேணி யானை கொன்றது என்று இன்றைக்கும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். யானை தள்ளியது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு எழுந்து நடமாடி, ஈரோட்டுக்குப் பக்கத்தில் கருங்கல்பாளையம் வரை போய்ப் பேசிவிட்டு வந்தார். அவரைக் கொண்டுபோனது வயிற்றுக்கடுப்பு. 1921 செப்டம்பர் 11 இரவு என்று வழக்கத்தில் சொல்கிறோம். நள்ளிரவு தாண்டி உயிர் பிரிந்ததால் பதிவேட்டுக் கணக்கில் 12. முப்பத்தொன்பது நிறையவில்லை. யானை என்றால் கதையில் ஒரு கம்பீரம் இருக்கிறது. 'வயிற்றுக்கடுப்பும் பேதியும்' என்ற கட்டத்தில் பாரதியை உட்காரவைக்க நமக்கு மனசு வருவதில்லை. ஆனால் அவரோடு அதே கட்டத்தில் இந்தப் பட்டணத்தின் ஆயிரக்கணக்கான குழந்தைகள் இருந்தார்கள். ஆயாவின் ஏழாவது பிள்ளை உட்பட.

ஜனங்கள் பயந்தது எதற்கு, செத்தது எதனால் என்று பார்த்தால் இரண்டும் பொருந்தவே பொருந்தாது. பயந்தது காலராவுக்கும் அம்மைக்கும். காலரா என்ற பெயரையே வாயால் சொல்ல மாட்டார்கள். "ஊர்ல நடமாட்டம் இருக்கு" என்பாள் ஆயா, குரலைத் தாழ்த்தி. பிளேக்குக்கும் பயந்தார்கள், வெளியூரிலிருந்து வருகிறவனுக்குப் பிளேக் பாஸ்போர்ட் கொடுத்துப் பத்து நாள் கண்காணித்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் பிளேக் மாகாணத்தின் மற்ற ஊர்களை ஆட்டிவைத்தாலும் நம் பட்டணத்தைப் பெரிதாகத் தொடவே இல்லை.

அம்மைக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலேயே அம்மைப்பால் தயாரானது. அம்மை குத்துகிறவர் தெருவுக்குள் நுழைந்தால் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கமாக ஓடியதாக ஆயாவே சொல்லியிருக்கிறாள். ஐந்தாவது பெண் அப்படி ஒளித்துவைக்கப்பட்டவள்தான். "ஆத்தாவைத் தடுக்கிறதுக்கு ஊசியாம்" என்று அப்போது சிரித்தார்களாம். அந்தப் பெண் போன பிறகு பிறந்த எல்லாருக்கும் கையை நீட்டச் சொன்னாள். என் நைனாவின் இரண்டு புஜத்திலும் அந்த வட்டத் தழும்பு உண்டு. வேப்பிலைக் கொத்தும் வாசலில் தொங்கும், தழும்பும் கையில் இருக்கும். ஆயாவுக்கு அதில் முரண்பாடே இல்லை.

ஆனால் காலராவும் அம்மையும் ஒரு வருஷம் வந்து அள்ளிப்போகும், அடுத்த வருஷம் அடங்கிவிடும். சத்தமில்லாமல், வருஷம் தவறாமல், மாதம் தவறாமல் கொண்டுபோனவை இருமலும் பேதியும் பிரசவமும்தான்.

பேதியைச் சொன்னால் தண்ணீரைச் சொல்ல வேண்டும். நம்ம ஏழுகிணறு 1772-இல் கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்க ஏற்பட்டது. ஊருக்கென்று செங்குன்றம் ஏரித் தண்ணீர் 1872-இல் வந்தது. வந்தது என்றால் கீழ்ப்பாக்கம் வரை திறந்த வாய்க்காலில். வழியில் மாடு இறங்கும், மனிதனும் இறங்குவான். 1914-இல்தான் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் வந்தன, வாய்க்காலும் மூடப்பட்டது. மேட்லி என்ற எஞ்சினியரின் வேலை அது. மாம்பலத்தில் மேட்லி சப்வேயைத் தாண்டிப் போகும்போது அவரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். மழைக்கு அதில் தண்ணீர் நின்றால் திட்டவும் செய்யலாம், தப்பில்லை.

அந்தத் திட்டம் 1961-இல் ஊரில் 6,60,000 பேர் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டுச் செய்தது. ஐம்பது வருஷம் தாங்க வேண்டும் என்று நினைத்தார்கள். 1931-லேயே ஜனத்தொகை 6,47,230 ஆகிவிட்டது. முப்பது வருஷம் முன்னதாகவே குழாய் தோற்றுப்போனது. முத்தியால்பேட்டை வீடுகளில் குழாய் இருந்தும் கிணற்றை யாரும் மூடவில்லை. மூடவும் முடியாது, குழாயில் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் வீட்டில் கிணற்றுக்கும் எடுப்புக் கக்கூசுக்கும் நடுவில் பத்தடி கூட இல்லை. என் சிறுவயதிலும் அப்படித்தான் இருந்தது. சத்தியமூர்த்தி 1939-இல் மேயராக வந்து போராடிப் பூண்டித் திட்டத்தைத் தொடங்கி, 1944-இல் நீர்த்தேக்கம் வந்தது. நான் சொல்கிற காலம் அதற்குள் முடிந்துவிட்டது. அவரும் அதைப் பார்க்க இல்லை.

இருமல் கதை வேறு. க்ஷயம், எலும்புருக்கி, டி.பி. எந்தப் பெயரிலும் வீட்டார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒத்துக்கொண்டால் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாது. அதனால் 'நாள்பட்ட இருமல்', 'மூச்சுமுட்டல்', போனால் போகட்டும் என்று 'காய்ச்சல்'. ஜார்ஜ் டவுன் வீடுகள் உங்களுக்குத் தெரியும். வாசல் குறுகல், உள்ளே ரயில் பெட்டி மாதிரி நீளம், நடு அறைகளுக்கு வெளிச்சமே கிடையாது. ஒரு வீட்டில் எட்டுக் குடித்தனம். இருமுகிறவனும் பால் குடிக்கிற குழந்தையும் ஒரே பாயில். அங்கே கிருமிக்கு என்ன குறைச்சல்?

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கியிருப்பீர்கள். அந்தச் சானடோரியத்தை 1928-இல் தொடங்கியவர் டாக்டர் சௌரி முத்து. இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் க்ஷயரோகச் சானடோரியம் நடத்தியவர். ராமானுஜன் அங்கே அவரிடம் நோயாளியாக இருந்திருக்கிறார். பட்டணத்துக் காற்றை விட்டு வெளியே வெட்டவெளியில் படுக்கவைத்து, நல்ல சாப்பாடு கொடுத்து, ஓய்வு கொடுப்பது. அவ்வளவுதான் அன்றைய வைத்தியம். 1937-இல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. ஸ்ட்ரெப்டோமைசின் வர யுத்தம் முடிய வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் அங்கே போனவர் ஒருவர் திரும்பி வந்து எழுபது வயது வரை இருந்தார். அவரை யாரும் விசேஷத்துக்குக் கூப்பிட்டதில்லை. திண்ணையில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

(சில நோய்களுக்குக் கட்டமும் கிடையாது, ரகசியப் பெயரும் கிடையாது. புற்றுநோய் எல்லாம் 'பிற எல்லா'வில்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை அதில்தான் இறந்தார். அந்தச் சாவை அவர் மறக்கவில்லை. 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்தது.)

இனிக் குழந்தைகள். இதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது.

1920களில் நம் பட்டணத்தில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய இருநூற்றைம்பது, சில வருஷம் அதற்கும் மேல், முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. நாலில் ஒன்று. இன்றைக்குத் தமிழ்நாட்டில் அது ஆயிரத்துக்குப் பதினைந்துக்குள். இந்தத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தப் பழைய எண் கொஞ்சம் ஊதின எண். சாவு பதிவாகாமல் மூலகொத்தளத்திலோ காசிமேட்டிலோ அடக்கம் செய்வது கஷ்டம்; பிறப்பைப் பதியாமல் இருப்பது சுலபம். பத்துநாள் இருந்து போன குழந்தை சாவுக் கணக்கில் இருக்கும், பிறப்புக் கணக்கில் இருக்காது. அதனால் விகிதம் ஏறும். எவ்வளவு கழித்தாலும் ஐந்தில் ஒன்றுக்குக் கீழே இறங்காது என்பது என் கணிப்பு. ஆயாவின் கணக்கும் ஒத்துப்போகிறது.

சராசரி ஆயுள் என்று ஒன்று சொல்வார்கள். 1911-21இல் இந்தியனுக்குச் சுமார் இருபது வயது, 1921-31இல் சுமார் இருபத்தேழு. "அப்போ எங்க தாத்தா எழுபது வரைக்கும் இருந்தாரே" என்று கேட்பீர்கள். இருந்தார். அவரோடு சேர்த்துத் தொட்டிலில் போன மூன்று பேரையும் கூட்டி வகுத்தால் அந்த எண் வரும். ஐந்து வயதைத் தாண்டிவிட்டால் கொஞ்சம் நம்பலாம். அதனால்தான் பல வீடுகளில் பிள்ளைக்குக் குப்பன், பிச்சை என்று பெயர் வைத்துக் குப்பையில் புரட்டி எடுத்தார்கள். எமன் ஏமாறுவான் என்ற நம்பிக்கை.

ஆயா சொன்ன 'ஏழாம் நாள் ஜன்னி' எனக்கு வெகுநாள் புரியவில்லை. "நல்லாத்தான் பால் குடிச்சுக்கிட்டிருந்துச்சு. ஆறாம் நாள் வாயைத் தொறக்கல. ஏழாம் நாள் ஒடம்பு வில்லா வளைஞ்சுச்சு" என்பாள். அறிக்கையில் குழந்தைச் சாவுக்கு 'வலிப்பு' என்று ஒரு தலைப்பு உண்டு. அது தலைப்பே தவிர நோய் அல்ல. வாய் பூட்டிக்கொள்வதும் வில்லாக வளைவதும் டெட்டனஸ். தொப்புள்கொடி அறுத்த கத்தியிலோ, அதில் வைத்த சாம்பலிலோ சாணியிலோ இருந்து வந்தது. தாய்க்குத் தடுப்பூசி, கொதிநீரில் போட்ட பிளேடு, இரண்டே போதும். இது எனக்குத் தெரிந்தபோது ஆயா உயிரோடு இருந்தாள். எது வைத்து அறுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் பெரிய அத்தை.

1936 ஆவணியில் அத்தைக்கு முத்தியால்பேட்டை வீட்டில் பிரசவம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே. தாத்தா எழும்பூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்று ஜட்கா பேசிவிட்டு வந்திருக்கிறார். ஆயா ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். "ஆஸ்பத்திரிக்குப் போனவ நடந்து வரமாட்டா." அவளுடைய பிரசவம் அத்தனையும் பார்த்த மருத்துவச்சி இருந்தாள், தெருவில் எல்லாருக்கும் அவள்தான். ஆண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்தது. மூன்றாம் நாள் அத்தைக்குக் குளிர் ஜுரம். அடிவயிறு தொடவிடவில்லை. பிதற்றினாள். பத்தாம் நாள் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அந்தப் பிள்ளைக்கு, என் அத்தானுக்கு, 'தாயை முழுங்கினவன்' என்று பெயர். யாரோ ஊரார் சொன்னதல்ல. ஆயாவே சொன்னாள். கோபத்தில் இல்லை, அவனை மடியில் போட்டுச் சோறு ஊட்டிக்கொண்டே சொல்வாள். அவன் அப்பா மறுகல்யாணம் செய்துகொண்டு போய்விட, அத்தான் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தான். ஜாதகத்தில் ஏதோ தோஷம் என்று அவன் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போனது. பிறந்தநாள் என்று ஒன்று அவனுக்குக் கொண்டாடியதே இல்லை. பத்து நாளில் திதி வருமே.

1975-இல் வேலை நிமித்தம் பழைய பதிவேடு ஒன்று கைக்கு வந்தது. வருஷம் 1936. மாதத்தைப் பார்த்ததும் புரட்டினேன். தெருப் பெயர், அத்தை பெயர், வயது 19. காரணம் என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் ஒரே வார்த்தை: ஃபீவர். பிரசவம் என்று எங்கும் இல்லை.

எனக்கு அதைப் படித்தவுடன் விளங்கிவிட்டது. மூன்றாம் நாள் குளிர் ஜுரம், அடிவயிற்று வலி, பிதற்றல், பத்தாம் நாள் முடிவு. பிரசவ ஜுரம். கழுவாத கையிலிருந்து கருப்பைக்குப் போகிற கிருமி. வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் 1847-லேயே கையைக் கழுவச் சொல்லி, கழுவவைத்து, சாவைக் குறைத்தும் காட்டினார். மருந்தும்கூட நெருங்கிவிட்டது. ப்ரான்டோசில் என்ற சல்ஃபா மருந்து 1935-இல் ஜெர்மனியில் வெளியானது. லண்டனில் கோல்புரூக் என்ற டாக்டர் பிரசவ ஜுரத்துக்கே கொடுத்துப் பிழைக்கவைத்த செய்தியை 1936 ஜூனில் வெளியிட்டார். அத்தை போனது அதே வருஷம் ஆவணியில். அந்த மாதிரி மாத்திரைகள் நம் ஊர் மருந்துக்கடைக்கு வந்துசேர இன்னும் சில வருஷம் ஆயிற்று. 'எம் அண்டு பி' என்று நாமே விழுங்கியிருக்கிறோம்.

மருத்துவச்சியைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு வீட்டில் ஜுரக்காரியைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடி வந்திருப்பாள். அவளுக்குச் சொல்லித்தந்தவர் யார்? ஆனால் அத்தானைக் குற்றத்திலிருந்து விடுவித்தால் அந்தக் குற்றம் நகர்ந்து போய் ஆயாவின் மடியில்தான் உட்காரும். ஜட்காவைத் திருப்பி அனுப்பியவள் அவள். அவளுக்கு அது முன்பே தெரிந்திருந்ததோ என்றுகூட எனக்குச் சந்தேகம் உண்டு. விரல் ஆறாவதில் நிற்பது அதனால்தானோ?

பேசாமல் பதிவேட்டை மூடிவைத்தேன். ஆயா 1979-இல் போனாள். அப்போதும் சொல்லவில்லை, துக்கத்தில் என்னத்துக்கு என்று. பிறகு வேலை, பிள்ளைகள், வீடு மாற்றம். சாக்குக்குப் பஞ்சமா.

1996-இல் அத்தானுக்கு அறுபது. பிள்ளைகள் அறுபதாம் கல்யாணம் செய்ய ஆசைப்பட்டார்கள். அவன் மறுத்துவிட்டான். "நான் பொறந்ததைக் கொண்டாடறதா? எங்க அம்மாவைக் கேட்டுட்டு வாங்க" என்றானாம். அவன் பெண் எனக்குப் போன் செய்து, "மாமா, நீங்க வந்து சொல்லுங்க" என்றாள். பெரம்பூருக்குப் போனேன். மொட்டைமாடியில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். எல்லாவற்றையும் சொன்னேன். கை கழுவுவது, கிருமி, லண்டன் மருந்து, ஜட்கா வரைக்கும்.

அவன் குறுக்கே பேசவில்லை. முடிந்த பிறகு வெகுநேரம் தண்டவாளத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த ரிஜிஸ்டரை நீ எப்போடா பார்த்தே?"

"எழுபத்தஞ்சுல அத்தான்."

"எழுபத்தஞ்சு" என்றான். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் சுண்டுவிரலின் அடிக் கணுவைத் தொட்டு எண்ண ஆரம்பித்தான்.